பெயர் வரும் இடம்

எங்கள் குழுவில் டிரம்ஸே கிடையாது என்று போன வாரம் ஒரு பத்திரிகைக்காரன் எழுதிவிட்டான். படித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஐந்து வருஷம் என் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து வெளுத்துக் கட்டிய டொன்னகா என்ன, காற்றா?

தப்பு என்னுடையதுதான். எழுபத்து மூன்றாம் வருஷம் எங்கள் இரண்டாவது இசைத்தட்டுக்கு ஒரு பாட்டு குறைந்தது. கெர்ரிக் கடற்கரையோரம் சாவு வீடுகளில் பாடும் ஒப்பாரி ஒன்று எங்கள் பாடகி கோப்னட்டுக்குத் தெரியும். அதை எலெக்ட்ரிக் கிதாரோடு போடலாம் என்றேன்.

"உனக்குப் பைத்தியமா ஃபெலிம்? பொணம் இல்லாம ஒப்பாரி வைக்கக் கூடாதுடா. நடுவுல செத்தவங்க பேரு வரும். யார் பேரச் சொல்றது?"

அவள் புருஷன் டொன்னகா குச்சியைச் சுழற்றிக்கொண்டே சிரித்தான். "என் பேரச் சொல்லிடு தாயே. காலையில நீ எழுப்புறப்ப நான் பொணமாத்தானே கிடக்கேன்."

"வாயக் கழுவு" என்றாள். நான் நச்சரித்து நச்சரித்து அவன் பெயரையே சொல்லி அவளைப் பாட வைத்தேன்.

பாட்டு பிய்த்துக்கொண்டு போனது. கார்க், டப்ளின், எங்கே போனாலும் அதைத்தான் கேட்டார்கள். அப்புறம்தான் ஆரம்பித்தது. பதிவில் டிரம்ஸ் சத்தம் வாரத்துக்கு வாரம் தேய்ந்தது. டேப் கோளாறு என்றேன். மதுக்கடையில் நாங்கள் மூன்று பேர் நிற்க, கடைக்காரர் இரண்டே கிளாஸ் வைத்தார். "யோவ், நான் என்ன தூணா?" என்று டொன்னகா கத்தினான். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. முதலில் அவனும் சிரித்தான். பிறகு சிரிப்பதை விட்டுவிட்டான்.

டிரலீ கச்சேரியன்று மதியம் கோப்னட் என் சட்டையைப் பிடித்தாள். "ராத்திரி அவன் பக்கத்துல படுத்திருக்கான், மூச்சுச் சத்தம்கூடக் கேக்கல. இனி அந்தப் பாட்டு வேண்டாம்."

"ஆயிரம் பேர் அதுக்குத்தான் வந்திருக்காங்க. அடிக்க வந்துடுவாங்க."

"சரி, பாடித் தொலைக்கிறேன். ஆனா பேரு வர்ற எடத்துல வாயத் திறக்க மாட்டேன். பேரில்லாம முடிஞ்ச ஒப்பாரி யாரையும் கூட்டிட்டுப் போகாது. அவன் தப்பிச்சுக்குவான்."

பாடினாள். டொன்னகா வேர்வை சொட்டச் சொட்ட அடித்தான். குச்சி தோலில் விழுவது கண்ணுக்குத் தெரிந்தது, சத்தம்தான் இல்லை. பெயர் வரும் இடம் வந்தது. கோப்னட் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

பாடகி நிறுத்தினால் மைக்கை ஸ்டாண்டோடு கூட்டத்தின் பக்கம் சாய்ப்பது என் பழக்கம். எத்தனை மேடையில் செய்திருக்கிறேன்! பாழாய்ப்போன கை, யோசிக்காமல் சாய்த்துவிட்டது.

இசைத்தட்டைத் தேயத் தேயக் கேட்ட ஜனம். ஆயிரம் தொண்டையும் சேர்ந்து "டொன்னகா!" என்றன.

ஐயோ என்று திரும்பினேன். டிரம்ஸுக்குப் பின்னால் ஸ்டூல் மட்டும் இருந்தது. கோப்னட் அவனைத் தேடவில்லை. மைக்கைப் பிடித்திருந்த என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.