கல்லுக்குப் பெயர் கிடைத்த மதியம்

அப்பாவின் உதட்டை ஈரப்பஞ்சால் ஒற்றிக்கொண்டே மகள் மருத்துவமனை அறையின் வாசல் பக்கம் கண்ணைக் காட்டினாள். அப்பாவோடு ஒரே தொலைநோக்கியில் காலம் தள்ளிய நண்பர் உள்ளே வந்தார். பொய் சொல்ல வராத மனிதர். அவரைப் பொய் சொல்லக் கூட்டி வந்ததே அவள்தான்.

விண்ணில் சுற்றும் கல்லான குறுங்கோளைக் கண்டுபிடித்தவர் அதற்குப் பெயர் வைக்கலாம், தன் பெயரைத் தவிர. அதனால் நண்பர் தான் கண்ட ஒன்றுக்கு அப்பாவின் பெயரைக் கேட்டு எழுதியிருந்தார். பெயரை ஏற்கும் சர்வதேசக் குழு கூடி முடிவு சொல்ல மாதக்கணக்காகும். மருத்துவரோ இன்றோ நாளையோ என்று கையை விரித்துவிட்டார். அந்தச் சேதி காதில் விழாமல் அப்பா போய்விடக் கூடாது. அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

பெயர் வைத்தாகிவிட்டது என்று நண்பர் குனிந்து சொன்னார்.

"நம்பர்?" என்றார் அப்பா.

எண் இல்லாத கல்லுக்குப் பெயர் கிடையாது. அவர்கள் தொழிலில் யாரும் முதலில் அதைத்தான் கேட்பார்கள். அதற்கு மட்டும் நண்பரும் மகளும் ஒத்திகை பார்க்கவில்லை. நண்பர் திருதிருவென விழித்தார். பதற்றத்தில் தன் கல்லின் எண்ணே மறந்துபோக, நாக்கில் வந்த எண்ணைச் சொல்லிவிட்டு, தப்பித்தோம் பிழைத்தோம் என்று வெளியேறினார்.

அப்பா மகள் பக்கம் திரும்பினார்.

"அவன் சொன்ன நம்பர்ல ஏற்கனவே ஆள் இருக்கும்மா."

"யாருப்பா?"

"உங்கம்மா."

அம்மா இறந்த வருடம் அப்பா ஒரு கல்லுக்கு அவள் பெயரை வைத்தது மகளுக்குத் தெரியும். எண்ணை மட்டும் அவள் மனதில் வைத்துக்கொண்டதே இல்லை. வெட்கமும் அழுகையும் ஒன்றாக முட்டின.

"அப்பா, நான்தான் அவரை..."

"போனாப் போகுது விடு. அவ கொஞ்சம் தள்ளி உக்காந்துக்குவா."

பொழுது சாய்வதற்குள் மூச்சு நின்றது.

மறுநாள் வீட்டில், வந்தவர்கள் கலையும் நேரத்தில், நண்பர் அவளைத் தனியே அழைத்தார். குழு எப்படியும் சம்மதிக்கும், அப்பா பெயரில் தனியாக ஒரு கல் வந்துவிடும் என்றார்.

"வேணாம் மாமா. அதுக்கு வேற பேர் வெச்சிருங்க."

"ஏம்மா?"

"அப்பாவுக்கு எடம் கெடச்சிருச்சு."

அவருக்குப் புரியவில்லை. அஸ்தி வாங்கப் போக வெளியே வண்டி வந்து நின்றது. அவள் செருப்பைத் தேடினாள்.