வாடப் போட்ட தொட்டிகள்

"குழாயத் திறந்தே, கைய ஒடிச்சுப்புடுவேன்!"னு வெய்-ஹாங்கப் பார்த்துக் கத்தினேன். என் வீட்டுக்காரருதான். ஆனா செடி விஷயத்துல பச்சப்புள்ள. அதனால குழாய்ச் சாவி என் இடுப்புல இருந்துச்சு.

சீனாவுல எங்க ஷுண்டே பக்கம் புத்தாண்டுக்கு வாசல்ல குட்டி ஆரஞ்சுத் தொட்டி வைக்காத வீடு கிடையாது. செடி முழுக்கப் பழம் தொங்கணும். அதுக்கு ஆறாம் மாச வெயில்ல தண்ணிய நிறுத்தி, இலை சுருள்ற வரைக்கும் வாடப் போடணும். செத்துருவோம்னு பயந்தாத்தான் அது பூக்கும். போன வருசம் இவரு மனசு கேக்காம முன்னாடியே ஊத்திட்டாரு. இலை தளதளன்னு வந்துச்சு, பூ ஒண்ணுகூட வரல. பழமில்லாத செடிய எவன் வாங்குவான்? இந்த வருசமும் தப்பினா நிலத்தக் குடுத்துட்டு ஊரவிட்டுப் போகவேண்டியதுதான்.

"ஸாவ்-லின், இலையப் பாருடி, எப்படிச் சுருண்டு கெடக்குது! உனக்கு நெஞ்சுல ஈரமே இல்லையா?"

"இருந்ததெல்லாம் உன்னக் கட்டிக்கிட்டப்பவே வத்திப்போச்சு. போய்யா!"

வாய்தான் பேசுச்சு. உள்ளுக்குள்ள எனக்கும் பயந்தான். தண்ணி விடக் கொஞ்சம் தாமதிச்சாலும் மொத்தமும் விறகுதான். போறப்ப வாறப்பல்லாம் நகத்தால பட்டையக் கீறிப் பார்த்தேன். உள்ள பச்சை. இன்னும் பச்சை. ஒரு மத்தியானம் கீறினா, பச்சை வெளிறியிருந்துச்சு.

சாவிய வீசினேன். "ஓடுய்யா, திற!"

தண்ணி பாஞ்சுது. பொழுது சாயற வரைக்கும் ஒரு இலைகூட நிமிரல. "கொன்னுட்டியேடி"ன்னு அவரு தரையில உக்காந்துட்டாரு.

விடிஞ்சப்ப இலையெல்லாம் விரிஞ்சிருந்துச்சு. அப்புறம் கணுவுக்குக் கணு வெள்ளை மொட்டு. பூ விரிஞ்சு தோட்டமே மணத்துச்சு. சந்தோசத்துல அழுதே போட்டேன்.

ஓரத்துல ஒரு தொட்டியில வெறும் இலை. வெய்-ஹாங் தலையக் குனிஞ்சுக்கிட்டாரு.

"நான் குடிக்கிற டீயத்தான்... தினமும் ஒரு வாய்..."

"அறிவிருக்காய்யா உனக்கு? இத்தன நாள் நான் வயித்துல நெருப்பக் கட்டிக்கிட்டுக் கெடக்கேன், நீ செடிக்கு விருந்து வச்சியா?"

அவரு வரிசையோட நடந்தாரு. சமையக்கட்டுப் பக்கத்துத் தொட்டிகிட்ட நின்னாரு. அதுலயும் பூ இல்ல.

"இது நான் இல்லையே, லின்."

நான் வேற பக்கம் பார்த்தேன்.

"அரிசி கழுவுன தண்ணிதான்யா. வீணாப் போகுதேன்னு..."