ஞாயிற்றுக்கிழமை அக்கா

டெய்லரம்மா அளவு நாடாவைத் தொடவே இல்லை. "குளிர் தாங்கலை, கறுப்புல ஏதாவது கோட்டு தயாரா இருக்குமா?" என்று வந்தவள் கேட்டு முடிப்பதற்குள் பின்னறைக்குப் போய், உறை போட்டுத் தொங்கவிட்டிருந்த ஒன்றை எடுத்து வந்துவிட்டாள்.

"போட்டுப் பாருங்கக்கா. சரியா இருக்கும்."

சரியாகத்தான் இருந்தது. பன்னிரண்டு வயதில் சைக்கிளிலிருந்து விழுந்து எலும்பு முறிந்ததிலிருந்து அவளுடைய இடது தோள் அரை இஞ்ச் தாழ்வு. எந்தத் துணியைப் போட்டாலும் அந்தப் பக்கம் இழுக்கும். இது இழுக்கவில்லை. இடுப்பிலும் பிடிக்கவில்லை.

"என் அளவு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நல்லாக் கேட்டீங்க போங்க. வருஷா வருஷம் உங்களுக்குத் தெச்சுக்கிட்டிருக்கேன், எனக்குத் தெரியாதா? போன வருஷம் இடுப்புல ஒரு இஞ்ச் விடச் சொன்னாரு மேனேஜர். அக்கா கொஞ்சம் பூசினாப்ல ஆயிட்டாங்கன்னாரு." டெய்லரம்மா சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "கடைசியில இதுக்காகவா வந்து போட்டுக்கணும்!"

அவள் இந்த ஊரில் கால் வைத்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. இதற்கு முன்னால் வந்ததே கிடையாது. மேனேஜர் என்று இந்தத் தெரு சொல்வது அவளுடைய தம்பியை. நேற்று விடிகாலை நுரையீரல் கைவிட, போய்ச் சேர்ந்துவிட்டான். அவனைக் கடைசியாகப் பார்த்துப் பத்தொன்பது வருஷம் ஆகிறது. ஆனால் அந்த ஒரு இஞ்ச் உண்மை. போன வருஷம்தான் வீட்டில் உட்கார்ந்து தன் உடுப்புகளையெல்லாம் அவளே பிரித்துவிட்டாள். அதை யாரிடமும் சொன்னதில்லை. அவளுக்குப் பின்கழுத்து சிலிர்த்தது. குளிர்தான் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு கோட்டின் பொத்தானைப் போட்டாள்.

அவனை எடுத்துப்போகத்தான் வந்திருக்கிறாள். வண்டி கூடவே வந்து கீழே முக்கில் நிற்கிறது. ஏற்பாடெல்லாம் அண்ணன். "யாரும் வாயைத் திறக்கறதுக்குள்ள கொண்டுவந்து முடிச்சிடணும். மலையில ஏதோ ஹோட்டல்ல வேலை, கல்யாணம் ஆகலைன்னு சொந்தக்காரங்களுக்குச் சொல்லிக்கலாம்" என்று போனில் சொன்னான். சோபாவை மாடிக்கு ஏற்றச் சொல்வது போல இருந்தது குரல். அவளும் சரி என்றாள். யார் சத்தமாகப் பேசுகிறார்களோ அவர்களுக்குச் சரி சொல்லிச் சொல்லியே ஐம்பது வயதைத் தொட்டவள். நகராட்சிப் படிவம் ஒன்று அவள் பைக்குள் இருந்தது. உடல் யாரிடம் போக வேண்டும் என்று ரத்த சொந்தம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அவள் எழுதுவதுதான் முடிவு.

தெரு செங்குத்தாக ஏறியது. இரண்டு பக்கமும் சின்னச் சின்னக் கடைகள், எல்லாவற்றிலும் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. ஒவ்வொரு கண்ணாடியிலும் உள்ளங்கை அகலத்துக்கு வானவில் போல ஏழு வண்ணக் கோடு போட்ட ஸ்டிக்கர். இரண்டு ஆண்கள் சேர்ந்து நடத்தும் சலூனில் அது வெயில் பட்டு வெளுத்திருந்தது. பெண்டாட்டி, மூன்று பிள்ளைகளோடு குடித்தனம் செய்யும் ஆணி-பெயின்ட் கடைக்காரர்தான் இருப்பதிலேயே பெரிதாக ஒட்டியிருந்தார். எதற்கும் கொஞ்சம் அதிகமாகவே செய்கிற மனுஷன் போலிருக்கிறது. ஒளிந்து வாழ வேண்டாத இப்படி ஒரு தெருவைத்தான் தம்பி தேடிக்கொண்டு போயிருக்கிறான் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. சாப்பாட்டு மேஜையில் "எனக்குப் பொண்ணு பாக்க வேண்டாம், நான் இப்படித்தான்" என்று அவன் சொன்ன ராத்திரி, அண்ணன் எழுந்துபோய் அறைந்தான். அம்மா தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள், தம்ளர் வழிந்த பிறகும் ஊற்றினாள். இவள் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டை விட்டுப் போன பிறகு ஒரே ஒரு முறை அவளுக்குப் போன் செய்தான். "அக்கா" என்ற குரல் கேட்டதும் ஒன்றும் பேசாமல் வைத்துவிட்டாள். அதை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்கு அவமானத்தில் காது சுடும்.

பாதி ஷட்டருக்குக் கீழே குனிந்து குனிந்து ஆட்கள் வெளியே வந்தார்கள். நீங்கள் யார் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

"வந்துட்டீங்களாக்கா?" என்றார் சலூன்காரர், பக்கத்துத் தெருவுக்குப் போய்விட்டுத் திரும்பியவளைக் கேட்பது போல. அவளுடைய நெற்றிக்கு மேலே பார்த்தார். "மேனேஜர் சொன்ன மாதிரியே முன்பக்கம் மட்டும் நரை. டை அடிக்கச் சொன்னா கேக்கவே மாட்டேங்கறாங்கன்னு குறைபட்டுக்குவாரு."

புத்தகக் கடைக்காரப் பெண்கள் இரண்டு பேரும் ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொண்டார்கள். உயரமானவள் கல்லாவுக்குப் பின்னால் மாட்டியிருந்த சட்டத்தைக் காட்டினாள். "எங்க கல்யாணத்துக்கு எங்க வீட்டுலேர்ந்து ஒரு ஈ காக்கா வரலை. உங்க கார்டு ஒண்ணுதான் வந்துச்சு. அதான் மாட்டி வெச்சிருக்கோம்."

கண்ணாடிக்குப் பின்னால் அவளுடைய கையெழுத்து இருந்தது. ணகரத்துக்கு அவள் போடுகிற அதே அனாவசியச் சுழி. பள்ளிக்கூட நாட்களில் லீவு லெட்டரை இவள் கையெழுத்திலும் ரிப்போர்ட் கார்டை அப்பா கையெழுத்திலும் எழுதித் தப்பித்தவன் அவன், அது அவளுக்குத் தெரியும். தெரிந்தும் அந்தக் கார்டை அவளால் இரண்டு நொடிக்கு மேல் பார்க்க முடியவில்லை. தான் இல்லாமலேயே தான் இங்கே இத்தனை வருஷம் நடமாடிக்கொண்டிருந்தது போல, இப்போது வந்திருப்பதுதான் யாரோ போல இருந்தது.

தம்பி மேனேஜராக இருந்த விடுதி தெருக் கோடியில். ஆறு அறை, கீழே ஒரு கூடம், பின்னால் சமையல்கட்டு. அவளுக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னவர் வாசலில் நின்றார். ஊரில் எல்லோரும் மாஸ்டர் என்று கூப்பிடும் பெரிய சரீரம், ஏப்ரனைக் கழற்ற மறந்திருந்தார். தம்பியோடு பதினேழு வருஷம் குடும்பம் நடத்தியவர்.

"மலைப்பாதை ஒத்துக்கிச்சாக்கா? உங்களுக்கு வளைவுல வாந்தி வருமே" என்றார். கதவை விட்டு விலகி வழிவிட்டார்.

கூடத்து நடுவில் கட்டிலில் தம்பி கிடந்தான். நாற்பத்தொன்று. தலை முன்பக்கம் மட்டும் நரை. அவள் போட்டிருந்த அதே துணியில், அதே வெட்டில் ஒரு கோட்டு. அவள் கிட்டே போனாள். இடது தோள் அரை இஞ்ச் தாழ்ந்திருந்தது.

"இவனுக்கு எப்ப அடிபட்டுச்சு?"

"அடி இல்லக்கா. உங்களுக்குத் துணி தெக்க இவன்தானே நின்னு அளவு கொடுப்பான். அக்காவுக்கும் எனக்கும் ஒரே உடம்புன்னு சொல்லி, இடது தோளை இப்படி இறக்கிக்கிட்டு நிப்பான். இறக்கி இறக்கி அதுவே பழக்கமாயிடுச்சு. டாக்டர்கூடக் கேட்டாரு." மாஸ்டர் லேசாகச் சிரித்தார், சிரித்ததற்காக உடனே வாயைப் பொத்திக்கொண்டார். "தெச்சதெல்லாம் மாடியில ஆறாம் நம்பர் ரூம்ல இருக்கு. அது உங்க ரூம். சீசன்லகூட யாருக்கும் விட மாட்டான்."

அவளுக்கு அழுகை வர வேண்டிய இடத்தில் பயம் வந்தது. கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

வண்டிக்காரர் வாசலில் தலையை நீட்டினார். "மேடம், மூடுபனி ஏறுது. இப்பவே கிளம்பினாத்தான் உண்டு. பேப்பர்ல கையெழுத்து போட்டீங்கன்னா தூக்கிடலாம்."

மாஸ்டருக்கு விஷயம் அப்போதுதான் புரிந்தது. முகம் வெளுத்தது, ஆனால் சண்டைக்கு வரவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"இங்க எங்களை மாதிரி ஜோடிங்களும் கல்யாணத்தைப் பதிவு பண்ணிக்கலாம், நாங்கதான் இன்னும் பண்ணிக்கலைக்கா. மூணு தடவை தேதி வாங்கினோம். அக்கா வந்து சாட்சிக் கையெழுத்து போடணும், அப்பதான் பண்ணிக்குவேன்னு தள்ளிக்கிட்டே வந்தான். அதனால சட்டப்படி நான் யாரோதான்." ஏப்ரன் நுனியைத் திருகினார். "நீங்க எது முடிவு பண்ணினாலும் சரி. ஒண்ணே ஒண்ணு மட்டும் கேட்டுக்கறேன். ஞாயித்துக்கிழமை அவன் உங்ககிட்ட என்ன பேசினான்?"

"எந்த ஞாயித்துக்கிழமை?"

"இதோ, போன வாரம். எப்பவும் போல நாலு மணிக்கு உங்க ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கிட்டு போன் பண்ணினானே. பத்து பன்னண்டு வருஷமா ஒரு வாரம் தவறினதில்லை. சிரிப்பீங்க, ஏதோ சமையல் பேசுவீங்க. நான் காபி கொண்டுபோய்க் கதவுக்கு வெளிய நிப்பேன். ஸ்பீக்கர்ல போட்டுப் பேசுவானோ என்னமோ, உங்க குரல் மட்டும்தான் கேக்கும். அவன் குரல் கேக்கவே கேக்காது."

அவள் கட்டிலில் இருந்தவனின் உதட்டைப் பார்த்தாள். அவனுக்கு வெகு நாள் குரல் உடையவில்லை, உடைந்த பிறகும் அவள் குரலில் அப்படியே பேசிக் காட்டுவான். வீட்டுக்குப் போன் செய்கிற அவளுடைய தோழிகள் அவனிடமே அரை மணி நேரம் ரகசியம் பேசிவிட்டு வைப்பார்கள். அந்தக் குரலுக்காகத் தெருப் பையன்களிடம் அவன் வாங்காத பேச்சில்லை.

"அன்னிக்கு மூச்சு ரொம்ப வாங்கிச்சு" என்றார் மாஸ்டர். "அஞ்சே நிமிஷம்தான் பேசினான். வெளிய வரும்போது கண்ணெல்லாம் சிவந்திருந்துச்சு. அக்கா கோவிச்சுக்கிட்டாங்களான்னு கேட்டேன். இல்ல, ஒத்துக்கிட்டாங்கன்னு சொன்னான். எதுக்குன்னு சொல்லலை. நீங்க எதுக்குக்கா ஒத்துக்கிட்டீங்க?"

நான் ஒன்றுக்கும் ஒத்துக்கொள்ளவில்லை, நான் பேசவே இல்லை, பத்தொன்பது வருஷமாக இவன் யாரோடு பேசினான் என்று எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட வாயைத் திறந்தாள். உண்மை அதுதான். மாஸ்டர் இரண்டு கையையும் கோத்துக்கொண்டு, பரீட்சை முடிவுக்கு நிற்கிற பிள்ளை போல அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இங்கயே இருக்கணும்னு கேட்டான்" என்றாள் அவள். குரல் தன்னுடையது போலவே இல்லை. "உங்ககூட. நான் சரின்னு சொன்னேன்."

மாஸ்டர் அப்படியே தரையில் உட்கார்ந்து, அந்தப் பெரிய உடம்பு குலுங்கக் குலுங்க அழுதார். அவள் படிவத்தை எடுத்தாள். உடலைப் பெற்றுக்கொள்பவர் என்ற இடத்தில் அவர் பெயரைக் கேட்டு எழுதினாள். உறவு என்ற இடத்தில் துணைவர் என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டாள்.

வண்டிக்காரர் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்ப காலி வண்டியாவா போறது?" என்று முனகிக்கொண்டே இறங்கிப் போனார். கொஞ்ச தூரம் வரை வண்டிச் சத்தம் கேட்டது, பிறகு பனிக்குள் நின்றுவிட்டது போல அடங்கியது.

அண்ணனிடம் சொல்லியாக வேண்டும். கூடத்து மூலையில் இருந்த போனை எடுத்தாள். நாலு முறை மணி அடித்த பிறகு எடுத்தது அம்மா.

"அண்ணன் இருக்கானாம்மா?"

"குளிக்கறான். சொல்லு."

"நான் தம்பியைக் கொண்டுவரலைம்மா. இங்கயே விட்டுட்டேன். அவன் வீட்டுலயே."

"அதான் சொன்னியே" என்றாள் அம்மா.

"எப்பம்மா சொன்னேன்?"

"ஞாயித்துக்கிழமை. அவனுக்கு ஏதாவது ஒண்ணுன்னா அங்கயே இருக்கட்டுமாம்மான்னு கேட்டே. மூச்சு வாங்கிக்கிட்டுப் பேசினே. நான்தான் சரின்னு சொன்னேனே."

அவள் சுவரில் சாய்ந்தாள். மாதத்துக்கு ஒரு தடவை, இரண்டு நிமிஷம், அம்மாவிடம் அவள் பேசுவது அவ்வளவுதான். அப்போதெல்லாம் அம்மா "அதான் அன்னிக்கே சொன்னியே" என்பாள். வயசாகிவிட்டது, குழம்புகிறது, டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று அண்ணனிடம் சொல்லிவிட்டு அதோடு மறந்துவிடுவாள். போன வருஷம் ஊருக்குப் போனபோது அம்மாதான் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பூசினாற்போல ஆயிட்டே என்று அப்போது வாயைத் திறக்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை, அக்கா குரலில் கூப்பிட்டவனிடம் போனில் சொல்லியிருப்பாள். நரையைப் பற்றியும் சொல்லியிருப்பாள்.

"அம்மா..." என்றாள். மேலே எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. "ஞாயித்துக்கிழமை பேசினது..."

அந்தப் பக்கம் குழாய் நின்ற சத்தம். அம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"உனக்கு எங்கடி அவ்வளவு பொறுமையாப் பேச வரும்?"

அம்மா அழுகிறாளா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"அங்க ரொம்பக் குளிருமா?" அம்மாதான் கேட்டாள்.

"குளிரும்மா. கோட்டு போட்டிருக்கான்."

"சரி" என்றாள் அம்மா. தாழ்ப்பாள் திறக்கும் சத்தம் கேட்டது. "அண்ணன் வரான். வெச்சிடறேன்." ஆனால் வைக்கவில்லை. மூச்சு மட்டும் கேட்டது. "வர ஞாயித்துக்கிழமையும் நான் போன் பக்கத்துலதான் உக்காந்திருப்பேன்."

ஜன்னல் வரை பனி வந்துவிட்டிருந்தது. மாஸ்டர் முகம் கழுவிக்கொண்டு, ஒரு பாத்திரத்தில் வெந்நீரும் தோளில் துண்டுமாக வந்து கட்டிலருகே நின்றார்.

"அக்கா, ஒரு கை பிடிக்கறீங்களா? தனியாத் திருப்ப முடியலை."

அவள் கோட்டுக் கையை முழங்கை வரைக்கும் மடித்துவிட்டுக்கொண்டு போனாள்.