தோல் சீவிய சீஸ்

தங்கை அக்காவுக்கு எழுதிக் கேட்டிருந்தது ஒரே கேள்வி: கடைக்குத் திரும்ப வரலாமா?

அக்காவும் அவளும் சேர்ந்து திரைச்சீலை தைத்த கடை. தங்கை பிரிந்துபோய் வேறிடத்தில் சேர்ந்தாள். அந்த இடம் இப்போது மூடிவிட்டது.

பதில் வரவில்லை. ரிப்பன் கட்டிய ஒரு மரப்பெட்டி வந்தது.

"உங்கக்கா குடுக்கச் சொன்னாங்க. சாயங்காலம் வருவாங்களாம்," என்றார் கொண்டுவந்தவர்.

உள்ளே உள்ளங்கை அகலத்தில் வட்டமாக ஒரு சீஸ். மேலெல்லாம் வெள்ளையாகப் பூத்திருந்தது.

கணவன் பெயின்டர். ஈரச் சுவர்களில் பூஞ்சை சுரண்டிப் பிழைப்பவன். மோந்து பார்த்தான்.

"பூஞ்சை. இதுதான் பதில்."

"சும்மா இருங்க."

"பின்னே? கெட்டுப்போனதுக்கு ரிப்பன் கட்டி அனுப்பியிருக்காங்க. உங்கக்கா குத்தினாலும் அழகாத்தான் குத்துவாங்க."

"அப்புறம் ஏன் வர்றா?"

"நம்ம மூஞ்சி போற போக்கைப் பாக்க."

அவளுக்குப் பிடிபடவில்லை. திட்டுவதென்றால் அக்கா நேரிலேயே திட்டுவாள். பரிசு என்றால் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அடுப்பில் பிளம் ஜாம் கொதித்தது. அக்காவுக்காகச் சர்க்கரையைக் குறைத்திருந்தாள். இன்னும் கொஞ்சம் போடலாமா என்று கரண்டியை எடுத்தாள், வைத்தாள்.

திரும்பியபோது கணவன் சீஸை முழுக்கச் சுரண்டி முடித்திருந்தான்.

"சுவரோ சீஸோ, சுரண்டிட்டா உள்ளே நல்லாத்தான் இருக்கும்."

உள்ளே வெண்ணெய் நிறம். நல்ல வாசம். கெட்டுப்போனதற்கு ஏது இந்த வாசம்? குழப்பம் கூடியது. சீஸைத் தட்டில் வைத்து, மேலே ஜாமை ஊற்றி, சூடாக்க ஓவனுக்குள் தள்ளினாள்.

அக்கா வந்தாள். செருப்பைக் கழற்றினாள். நேராக அடுப்படிக்கு வந்து ஓவன் கதவைத் திறந்தாள்.

"என்னடி இது, குளம்?"

தட்டு முழுக்கச் சீஸ் ஓடியிருந்தது. நடுவில் ஜாம் மிதந்தது.

"நீ அனுப்பினதுதான்."

"தோல் எங்கே?"

"எந்தத் தோல்?"

"வெள்ளையா இருக்குமே. அதுதானே உருகினதைத் தாங்கிப் பிடிக்கும். அதையும் சேர்த்துத் திங்கணும்."

கணவன் குப்பைக்கூடையைப் பார்த்தான். "பூஞ்சைன்னு நினைச்சு..."

"பூஞ்சைதான். நல்ல பூஞ்சை."

"அதுல நல்லது வேற இருக்கா? என் பிழைப்புக்கே உலை வச்சுடுவீங்க போலிருக்கே."

அக்கா சிரிக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"கெட்டுப்போனதை அனுப்பிட்டேன்னு நினைச்சீங்களா?" தங்கையைப் பார்த்தாள். "நீயுமா?"

"நினைச்சேன். இல்லைன்னும் நினைச்சேன்."

அக்கா ரொட்டியைப் பிய்த்து, சீஸையும் ஜாமையும் சேர்த்து வழித்தாள். வெகுநேரம் மென்றாள்.

"புளிக்குது."

"உனக்குப் பிடிக்குமேன்னு."

"பிடிக்கும்தான்." மறுபடி வழித்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"ஏன் பதிலே சொல்லலை?"

"எழுதி எழுதி அழிச்சேன். வான்னு எழுதினா கோபம் வருது. வராதேன்னு எழுதினா அழுகை வருது. கடைசியில எழுந்துபோய் இதை வாங்கினேன்."

"அப்போ இதுக்கு அர்த்தம் 'வா'வா, 'வராதே'யா?"

"எனக்கென்னடி தெரியும்? அதைக் கேக்கத்தான் வந்தேன்."

தட்டில் சீஸ் இறுக ஆரம்பித்தது.

"திங்கட்கிழமை வா," என்றாள் அக்கா. "ஒரு நாள் தைச்சுப் பாப்போம். சண்டை வந்தா மத்தியானமே கிளம்பிடு."

"சண்டை வராட்டி?"

"வராட்டி என்ன பண்றதுன்னுதான் எனக்குப் புரியலை."

சிரிக்கலாமா என்று தெரியாமல் கணவன் இன்னும் நாலு துண்டு ரொட்டி வெட்டினான்.