மாப்பிள்ளை விருந்துக்கு வந்த லோட்டே

மகள் கல்யாணத்துக்குப் பிறகு, மாப்பிள்ளையை அழைத்து விருந்து வைக்கும் முதல் ஜமாய் சஷ்டி. மாப்பிள்ளையின் தட்டில் இலிஷ் மீன் விழாவிட்டால் காக்டீப் ஊரே கைகொட்டிச் சிரிக்கும். இலிஷ் குழம்புக்குக் கடுகை அரைத்து வைத்துவிட்டு ஷெஃபாலி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

புருஷன் நிராபத் பையோடு வந்தார். உள்ளே, வாயைப் பிளந்தபடி கொழகொழவென்று லோட்டே மீன்கள்.

"என்னங்க இது? பூனைகூட யோசிச்சுத் திங்கற மீனு!"

"சந்தையில இருந்த இலிஷ் எல்லாம் உள்ளங்கை நீளம். வெறும் குஞ்சு. தடைக்காலத்துல திருட்டுத்தனமா விக்கறான்."

"ஊரே வாங்குதே!"

"குஞ்சைப் பிடிக்காதேன்னு படகுக்காரங்க கூட்டத்துல மேசையைத் தட்டிப் பேசினவன் நான். அதை நானே வாங்கினா எவன் என்னை மதிப்பான்?"

"மாப்ள கோவிச்சுட்டுப் போனா பொண்ணு கதி?"

நிராபத் பையை அவள் கையில் கொடுத்துவிட்டுக் கால் கழுவப் போனார்.

கோபத்தையெல்லாம் மிளகாயில் காட்டினாள் ஷெஃபாலி. வெங்காயம், பூண்டோடு வதங்கிய லோட்டே புட்டுப் போல உதிர்ந்தது.

புரூலியாவிலிருந்து மாப்பிள்ளை அனிமேஷ் வந்தான். ஷெஃபாலி சடங்குப்படி அவன் மணிக்கட்டில் மஞ்சள் நூல் கட்டி, விசிறியால் வீசி, சாப்பிட உட்கார வைத்தாள். அவன் கண்கள் தட்டைத் துழாவின.

"இலிஷ் இல்லையா, மா?"

ஷெஃபாலி புருஷனை முறைத்தாள். நிராபத் தொண்டையைச் செருமினார்.

"இல்ல மாப்ள. குஞ்சுதான் கிடைச்சுது. மனசு வரல."

"நெஜமாவே இல்லையே? அடுப்புல ஏதும்..."

"சத்தியமா இல்ல."

அனிமேஷ் பெருமூச்சு விட்டான். மகள் டும்பா சிரிப்பை அடக்க முடியாமல் வெடித்தாள்.

"மா, இவருக்கு இலிஷ் முள்ளு எடுக்கத் தெரியாது! எல்லார் முன்னாடியும் மானம் போயிடும்னு ஒரு மாசமா தூக்கமில்ல. கெண்டை மீன வச்சு ஒத்திகை வேற!"

"எங்க ஊரு ஆத்துல தண்ணியே கிடையாது. மீனுக்கு எங்க போறது?" என்றான் காது சிவந்த அனிமேஷ். அதற்குள் லோட்டேயைப் பிசைந்து ஒரு வாய் போட்டுவிட்டான். நாக்கில் எதுவும் குத்தவில்லை. மூன்று முறை சோறு வாங்கினான்.

பக்கத்து வீட்டிலிருந்து பயங்கர இருமல். வேலிக்கு மேல் மினோத்தியின் தலை தெரிந்தது.

"அக்கா, வாழைப்பழம் இருக்கா? எங்க மாப்ள தொண்டையில இலிஷ் முள்ளு!"

"குஞ்சு மீன வாங்கினா முள்ளுதான் மிச்சம்," என்று பழத்தோடு ஒரு கிண்ணம் லோட்டேயையும் நீட்டினாள் ஷெஃபாலி. "இத அவருக்குப் போடு. எங்க வீட்டுக்காரர் தேடி வாங்கினது."

திரும்பி வந்தவள், மார்பை நிமிர்த்தி நின்ற புருஷனைப் பார்த்தாள்.

"போதும், உட்காருங்க. கடாயில கொஞ்சம் இருக்கு. மாப்ள கண்ணுல படறதுக்குள்ள சாப்பிட்டுடுங்க."