மூன்று முறையும் சிவப்பு

மூன்றாவது முறையும் பொட்டலத்தைப் பிரித்தார் பூசாரி சுருளியாண்டி. உள்ளே செவ்வரளி.

"சிவப்புதான்" என்றார், யாரையும் பார்க்காமல். "ஆத்தா உத்தரவு குடுக்கல."

மாரீஸ்வரி தன் கையைப் பார்த்தாள். எடுத்தது அவள் கை. மூன்று முறையும் அவள் கைதான்.

அம்மா ராக்கம்மாளுக்கு இதய வால்வு கெட்டுப்போயிருந்தது. வருகிற புதன்கிழமை தேனியில் ஆபரேஷன். இன்று மதியத்துக்குள் ஆஸ்பத்திரிக்குப் பதில் சொல்லாவிட்டால் அந்தத் தேதி வேறொருவருக்குப் போய்விடும். தள்ளிப்போட்டால் மழைக்காலம் தாண்டுவது கஷ்டம் என்று டாக்டர் மறைக்காமல் சொல்லியிருந்தார். ராக்கம்மாளோ, "பூக்கட்டிப் பாக்காம கத்தி வைக்க விடமாட்டேன்" என்று உட்கார்ந்துவிட்டாள்.

சுருளிப்பட்டியில் பெண் கொடுப்பதென்றாலும் கிணறு வெட்டுவதென்றாலும் இதுதான் வழக்கம். வெற்றிலையில் மடித்த இரண்டு பொட்டலம். ஒன்றில் வெள்ளை அரளி, இன்னொன்றில் செவ்வரளி. வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் கூடாது.

வாரம் முழுக்கப் பெரியகுளம் பக்கத்துக் கல்லூரியில் முதலாமாண்டுப் பிள்ளைகளுக்குப் புள்ளியியல். வார இறுதி முழுக்க ஆஸ்பத்திரி. மூன்று வாரமாகப் பஸ்ஸில்தான் தூக்கம். சண்டை போட மாரீஸ்வரிக்குத் தெம்பில்லை. அதனால் பேரம் பேசினாள்.

"ஒரு தடவை போதாது. மூணு தடவை எடுப்போம். எடுத்ததைத் திருப்பி மடிச்சு வெச்சுக் குலுக்கிரணும். ஒரு தடவை வெள்ளை வந்தாலும் உத்தரவுதான்."

பூசாரியும் அப்பா சீனிச்சாமியும் தலையாட்டினார்கள். அவள் மனசுக்குள் கணக்குப் போட்டுவிட்டுத்தான் கேட்டிருந்தாள். ஒரு முறை சிவப்பு வர வாய்ப்பு பாதி. மூன்று முறையும் சிவப்பே வர, பாதியில் பாதியில் பாதி. எட்டில் ஒன்று. மீதி ஏழு பங்கும் அம்மா பக்கம்.

அந்த எட்டில் ஒன்றுதான் இப்போது வெற்றிலையில் கிடந்தது.

'வராதுன்னு யார் சொன்னா? எட்டில் ஒண்ணுன்னா வரும்னுதானே அர்த்தம்.' வகுப்பில் அவளே சொன்ன வாக்கியம். இங்கே அது சுட்டது.

"சரி, எந்திரிங்க" என்றார் சீனிச்சாமி. "மிச்சப் பொட்டலத்தை நான் வாய்க்கால்ல விட்டுட்டு வாரேன்."

எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது; ஓடும் தண்ணீரில் விட்டுவிட வேண்டும். அதுவும் வழக்கம்.

"நீங்க இருங்க. நான் விடுறேன்" என்று ராக்கம்மாள் பொட்டலத்தை வாரிக்கொண்டு எழுந்தாள்.

பஸ் ஸ்டாப் வரை நடக்க நாலு இடத்தில் உட்காருகிற அம்மா, இப்போது வேப்பமரத்தைத் தாண்டிவிட்டாள்!

பொட்டலம் கட்டியது யார்? "என் உசுரு விஷயம், நானே கட்டுறேன்" என்று அம்மாதான் நேற்றே கட்டி வைத்திருந்தாள். ஒழுங்காகக் கட்டியிருந்தால், மூன்றும் சிவப்பாக வருவது எட்டில் ஒன்று. ஒழுங்காகக் கட்டாமலிருந்தால்?

நிச்சயம்.

செருப்பை விட்டுவிட்டு ஓடினாள். வாய்க்கால் படியில், தண்ணீருக்கு ஒரு சாண் மேலே, அம்மாவின் கையைப் பிடித்தாள்.

"விடுடீ. தெய்வக் குத்தம்."

"குத்தம் என்மேல வரட்டும்."

பிரித்தாள். செவ்வரளி.

ராக்கம்மாள் அப்படியே படியில் உட்கார்ந்தாள். மூச்சு வாங்கியது. மாரீஸ்வரிக்குக் கோபம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"சாகணும்னு ஆசையாம்மா?"

"எவளுக்குடி சாக ஆசை? பொழைக்கணும்னுதான் இந்தத் திருட்டு வேலை." முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "பத்துக்கு ஒம்பது பேரு நல்லபடியா எந்திரிச்சிருவாகன்னு டாக்டர் சொன்னாகல்ல? நானும் டெஸ்டுக்குப் போயி வார்டுல கெடந்தப்பெல்லாம் எண்ணிக்கிட்டேதான் இருந்தேன். இதே ஆபரேசன். ஒம்பது பொம்பளைக. ஒம்பதும் நல்லா எந்திரிச்சு இட்லி தின்னுட்டு வீட்டுக்குப் போயிட்டாளுக. அங்கன அடுத்தாப்புல யாரு?"

மாரீஸ்வரி விரல்விட்டு எண்ணினாள்.

"நான்தான. பத்தாவது ஆளு."

கல்லூரியில் இதே தப்பைப் பிள்ளைகள் செய்வார்கள். நாணயம் சுண்டித் தொடர்ந்து தலை விழுந்தால் அடுத்தது பூ என்று கை தூக்குவார்கள். சிவப்பு மையால் சுழித்துவிட்டுப் போய்விடுவாள். அந்தத் தப்பு இப்படி வாய்க்கால் படியில் மூச்சிரைத்துக்கொண்டு உட்காரும் என்று அவள் நினைத்ததில்லை.

"அம்மா, ஒவ்வொருத்தர் நெஞ்சும் தனித்தனி. முன்னாடி போனவ பொழைச்சதுக்கும் உனக்கும் சம்பந்தமே இல்ல. பொட்டலத்தைத் திருப்பி வெச்சுக் குலுக்குனோம்ல? முன்னாடி என்ன வந்துச்சுன்னு பூவுக்குத் தெரியுமா? மூணு தடவை சிவப்பு வந்தா நாலாவது வெள்ளை வந்தாகணுமா?"

"எப்பிடி வரும்? உள்ள வெள்ளையே இல்லையே."

மாரீஸ்வரி நெற்றியைத் தேய்த்தாள். "கடவுளே."

"சும்மா இருடீ. பத்துல ஒண்ணு சாகும்னா, அது எங்கயாவது இருக்கணும்ல?"

"அது ஆயிரக்கணக்குல பேரைப் பாத்து மொத்தமாச் சொல்றதும்மா. உங்க வார்டுல வரிசையா நிக்கவெச்சு எண்ணுறதில்ல."

ராக்கம்மாளின் முகம் அசையவில்லை. இவ்வளவு படித்து, இவ்வளவு பேருக்குச் சொல்லிக்கொடுத்து, பெற்றவளிடம் பத்து நிமிடத்தில் தோற்றாயிற்று. மாரீஸ்வரி களைத்துப்போனாள். களைப்பில்தான் அது வாயில் வந்தது.

"சரி. பத்தாவதா வேற ஆளு போகட்டும். ஒரு நாள் தள்ளி வியாழக்கிழமை கேப்போம். நீ பதினொண்ணாவது. வாரியா?"

"அடிப் பாவி! ஊராந் தலையில கட்டச் சொல்றியா?"

"கட்டுறதுக்கு ஒண்ணுமே இல்லம்மா. அவளுக்கும் பத்துக்கு ஒம்பதுதான். உனக்கும் அதேதான். யாரு முன்னாடி போனாலும் மாறாது."

ராக்கம்மாள் படியில் கையூன்றி எழுந்தாள். "மாறாதுன்னா சரி" என்றாள் மெதுவாக.

திரும்பி வந்து சீனிச்சாமியிடம் ராக்கம்மாள், "கண்ணு சரியாத் தெரியல, பூ மாறிப்போச்சு" என்று மட்டும் சொன்னாள். பூசாரியே மறுபடி கட்டினார். இம்முறையும் எடுத்தது மாரீஸ்வரிதான். எட்டில் ஒன்று இப்போதும் அங்கேயேதான் இருந்தது.

முதலில் சிவப்பு.

இரண்டாவது, வெள்ளை.

"யோசிச்சுச் சொல்லிட்டா ஆத்தா" என்று சீனிச்சாமி துண்டால் கண்ணை ஒற்றினார்.

மதியத்துக்குள் கேட்டதால் ஆஸ்பத்திரியில் வியாழக்கிழமை கிடைத்தது. புதன்கிழமை இடம் காமயகவுண்டன்பட்டி அய்யம்மாளுக்குப் போனது. வெள்ளந்தியான மனுஷி. பக்கத்துக் கட்டில்.

"பயமா இருக்குக்கா" என்றாள் அய்யம்மாள், ஸ்ட்ரெச்சர் வந்ததும்.

ராக்கம்மாளால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. தலையணைக்கடியில் வைத்திருந்த வெள்ளை அரளியை எடுத்து, "இந்தா ஆத்தா, எங்க அம்மன் பூவு. தலைமாட்டுல வெச்சுக்க" என்று கொடுத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். பகல் முழுக்கச் சாப்பிடவில்லை.

சாயங்காலம் நர்ஸ் ஜெபஷீலா வந்தாள். "அய்யம்மா நல்லா இருக்காங்க. கண்ணு முழிச்சுட்டாங்க."

மாரீஸ்வரி அம்மா பக்கம் திரும்பினாள். அவ்வளவுதான். இனி அம்மா எழுந்து கட்டிலை விட்டுப் போய்விடுவாள்.

ராக்கம்மாள் எழுந்து உட்கார்ந்தாள். "நல்லவேளை" என்று கும்பிட்டாள். பிறகு மகளைப் பார்த்தாள். "அப்ப பாக்கி நான்தான்."

"அம்மா…"

"இல்லடி, போறேன். அவ எந்திரிச்சுட்டான்னதும் எனக்குச் சந்தோசந்தான் வந்துச்சு. அந்தப் பூவைத் திருப்பியா கேக்க முடியும்?"

வியாழன் காலை கதவு மூடியது. சிவப்பு விளக்கு எரிந்தது. சீனிச்சாமி பெஞ்சில் கண்ணை மூடிக்கொண்டார்.

மாரீஸ்வரி விளக்கையே பார்த்தாள். பத்துப் பேரும் பிழைத்துவிட்டார்கள். வரிசையாகப் பத்துப் பேர். அப்படியென்றால் இப்போது…

சட்டென்று நிறுத்தினாள். இல்லை. நெஞ்சு தனி, பூ தனி. பத்துக்கு ஒன்பதுதான், கூடவும் இல்லை, குறையவும் இல்லை. சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். கணக்கு சரியாகத்தான் இருந்தது. எண்ணுவதைத்தான் நிறுத்த முடியவில்லை.

மறுநாள் உள்ளே விட்டார்கள். ராக்கம்மாளின் உதடு வெடித்திருந்தது. மகளைக் குனியச் சொல்லிக் கண்ணால் கூப்பிட்டாள். குரல் காற்றாக வந்தது.

"அடுத்துப் போறவகிட்ட… எத்தனை பேரு எந்திரிச்சாகன்னு சொல்லிராதடி."

"சொல்லலம்மா" என்றாள் மாரீஸ்வரி. கட்டில் விளிம்பில் தலையைச் சாய்த்தாள். அம்மா அடுத்து என்னவோ சொன்னாள். அது காதில் விழுவதற்குள் தூங்கிவிட்டாள்.