முட்புதருக்குள் ஒரு வெள்ளைப் பூ

கலிரோய்க்குக் காலையிலிருந்து இருப்புக்கொள்ளவில்லை. மருந்துக்கடையைப் பூட்டிவிட்டு, கிரீட் தீவின் மலைச்சரிவில் ஒரு முட்புதரின் முன்னால் குப்புறப் படுத்துக் கிடந்தாள்.

புதருக்குள் ஒற்றைத் தண்டில் ஒரு தேனீ ஆர்க்கிட். வழக்கமாக இளஞ்சிவப்பு இதழ்களுக்கு நடுவே பழுப்புத் தேனீ ஒன்று உட்கார்ந்திருப்பது போலிருக்கும். இதிலோ இதழ்கள் வெள்ளை. தேனீ இருக்க வேண்டிய இடத்தில் ஒரு புள்ளிகூட இல்லாத மஞ்சள் கலந்த பச்சை. அவள் அறிந்தவரை இப்படி ஒன்றை இந்த மலையில் யாரும் பார்த்ததில்லை.

போன வருஷமும் இப்படித்தான் குதித்தாள். கடைசியில் அது வெயிலில் வெளுத்த சாதாரணப் பூ. ஏதென்ஸ் ஆர்க்கிட் சங்கத்தில் அரிய பூக்களின் பட்டியல் எழுதும் ஸ்தமாதிஸ், "மாத்திரைக்குத் தேதி பாக்குற மாதிரி பூவையும் கொஞ்சம் உத்துப் பாருங்கம்மா" என்றார். சங்கக் கூட்டமே சிரித்தது. அந்தச் சிரிப்பு இன்னும் அவள் காதைவிட்டுப் போகவில்லை. இந்த முறை அவர் வாயாலேயே ஒத்துக்கொள்ள வைக்க வேண்டும்.

நேற்று இந்தப் பூவைக் கண்டதும் போன் செய்தபோதே கறாராகச் சொல்லிவிட்டார்: "மகரந்தப் பை ரெண்டும் நூல்ல தொங்கி, தானா உள்பக்கம் வளைஞ்சிருக்கணும். அப்பதான் அது தேனீ ஆர்க்கிட். பக்கவாட்டுல எடுங்க, அடி இலையும் தெரியணும். முள்ளு மறைச்ச படத்தை அனுப்பாதீங்க, பாக்கக்கூட மாட்டேன்."

கத்தரிக்கோலை எடுத்தாள். ஒரு கிளைதானே என்று ஆரம்பித்தாள். அதற்குப் பின்னால் இன்னொன்று, அதற்கும் பின்னால் இன்னொன்று. கடைசியில் பூ வெட்டவெளியில் நின்றது. படம் கண்ணாடி மாதிரி வந்தது.

மலையில் சிக்னல் இல்லை. ஊருக்கு வண்டியை விரட்டி, காபிக்கடை வாசலில் நின்று அனுப்பினாள். வாங்கிய காபி ஆறிப்போனது. ஒரு மணி நேரம் கழித்துப் பதில் வந்தது: "அதேதான்! போன வருஷம் சிரிச்சதுக்கு மன்னிச்சுக்குங்க. நாளைக்குக் கப்பல்ல வர்றேன். நேர்ல அளந்தாதான் பட்டியல்ல ஏத்த முடியும்."

சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது. இன்னொரு தடவை பார்க்காமல் இருக்க முடியாது என்று மறுபடி மலையேறினாள். பாதி வழியில் ஆட்டு மணிச் சத்தம் கேட்டது. ஓடினாள்.

புதருக்குப் பக்கத்தில் ஆடுகளோடு நின்ற மேய்ப்பன் மனூசோஸ் சிரித்தான். "என்ன மருந்தம்மா, இப்படிப் பறந்து வர்றீங்க? என் ஆட்டுக்குக் காய்ச்சல்னா வரமாட்டீங்களே?"

வெட்டிய முட்களுக்கு நடுவே இரண்டு விரல் உயரத்துக்குத் தண்டு மட்டும் நின்றது.

"அந்த வெள்ளைப் பூவா?" அவன் குரல் இறங்கியது. "பல வருஷமா வருது. முள்ளுக்குள்ள இருந்தவரைக்கும் என் ஆடு மூக்கை வெச்சதில்ல. எந்தப் பாவியோ இன்னிக்கு வழிச்சு வெட்டிட்டுப் போயிருக்கான்."

பாக்கெட்டில் கத்தரிக்கோல் கனத்தது.

"நான்தான் மனூசோஸ். படம் எடுக்க முள்ளு மறைச்சுது."

அவன் ஆட்டை அந்த இடத்தைவிட்டு ஓட்டினான்.

"படமாவது நல்லா வந்துச்சா?"

"ரொம்ப நல்லா வந்துச்சு" என்று சொல்லிவிட்டு, அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.